ஆர்வி-க்குள் டேங்க் நாற்றமா? எப்போது வருகிறது, எங்கே வருகிறது என்று முதலில் பாருங்கள்

ஆர்வி என்பது படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் வைத்துக்கொண்டு ஊர் சுற்றும் வீட்டு வண்டி. அதன் அடியில் இருக்கும் கழிவுத் தொட்டி (டேங்க்) நாறத்தான் செய்யும். நான்கு பேர் மூன்று நாள் பயன்படுத்திய கழிவு, 30 அல்லது 40 கேலன் பிளாஸ்டிக் தொட்டிக்குள் டெக்சஸ் வெயிலில் கிடக்கிறது. அதை நாறவே விடாமல் செய்வது நடக்காத காரியம். கேட்க வேண்டிய கேள்வி வேறு. கூரைக்கு மேலே போயிருக்க வேண்டிய அந்த நாற்றம் எந்த வழியாக உள்ளே வருகிறது?

இது எனக்குப் புரிய இரண்டு கோடைக்காலம் ஆனது. பழைய 26 அடி ட்ரெய்லர் ஒன்றை வாங்கியிருந்தோம். முதல் வருடம் முழுக்க நீலத் திரவம், பொடி, கரையும் பாக்கெட் என்று கடையில் இருந்ததையெல்லாம் வாங்கி ஊற்றினேன். பிள்ளைகள் உள்ளே படுக்கவே மறுத்துவிட்டார்கள். கடைசியாகப் பிடிபட்ட காரணம் சுவருக்குள் இருந்தது: பசை போட்டு ஒட்டாமல் வெறுமனே சொருகி விட்டிருந்த ஒரு குழாய். உலகத்திலுள்ள எந்த மருந்தும் அதைச் சரிசெய்திருக்காது. ஊர் சுற்றும் ஆசையோடு வண்டி வாங்கி, இந்த ஒரு காரணத்துக்காக விற்றுவிட்டுப் போனவர்கள் எனக்கே தெரிந்து இரண்டு குடும்பம் உண்டு. இன்னொரு குடும்பம் அப்படிப் போகக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

காவல் மூன்று

வண்டியில் கழிவுக்கு இரண்டு தொட்டிகள். கம்மோடிலிருந்து போவது பிளாக் டேங்க். சிங்க், ஷவர் தண்ணீர் போவது கிரே டேங்க். இரண்டுக்கும் தனித்தனியாக, பெரும்பாலும் ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்று சுவருக்குள்ளே ஏறிக் கூரைக்கு மேல் முடியும். அதுதான் வென்ட் குழாய். நாற்றம் போக வேண்டிய வழி அது ஒன்றுதான்.

மற்ற எல்லா வாசலிலும் காவல் உண்டு. சிங்க், ஷவர் அடியில் வளைந்த குழாயில் தேங்கி நிற்கும் தண்ணீர் ஒரு காவல் (பி-ட்ராப் என்பது இதைத்தான்). கம்மோடின் அடியில் ரப்பர் சீலும் அதன்மேல் நிற்கும் தண்ணீரும் இன்னொரு காவல். சமையலறை சிங்க் அடியில் இருக்கும் ஒருவழிக் காற்று வால்வு மூன்றாவது. நாற்றம் உள்ளே வருகிறது என்றால் இந்த மூன்றில் ஒன்று தூங்கிவிட்டது, இல்லையென்றால் வென்ட் குழாயே அடைத்தோ உடைந்தோ இருக்கிறது.

எதையும் கழற்றும் முன்: இது டேங்க் நாற்றம்தானா?

இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

வண்டியின் அடுப்புக்கு எரிவாயுவாக வரும் புரொபேனுக்குச் சொந்தமாக மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்று எத்தில் மெர்காப்டன் கலந்து விற்கிறார்கள். அதன் வாடையும் அழுகிய முட்டை, அழுகிய கோஸ் வாடைதான். சிலிண்டர் தீரும் நேரத்தில் வாடை இன்னும் கூடும். புரொபேன் காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் படியும். அடுப்பு, ஃபர்னஸ், ஃப்ரிட்ஜின் பின்பக்கம், இவற்றின் அருகிலோ தரைமட்டத்திலோ வாடை அதிகமாக இருந்தால் டேங்க்கை மறந்துவிடுங்கள். எந்த ஸ்விட்சையும் தொடாமல் எல்லோரையும் வெளியே அனுப்பி, வெளியிலிருக்கும் சிலிண்டர் வால்வை மூடுங்கள். கசிவு எங்கே என்று தெரிந்து சரிசெய்யும்வரை அது மூடியே இருக்கட்டும். தரையருகே சுவரில் இருக்கும் கேஸ் அலாரத்துக்கும் ஆயுசு உண்டு. பின்பக்கம் போட்டிருக்கும் தேதியைப் பாருங்கள்.

அடுத்தது பேட்டரி. பழைய லெட்-ஆசிட் பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஆனால் அதே முட்டை நாற்றம் அடிக்கும். பெட்டி தொட்டால் சுடும், சில சமயம் உப்பியிருக்கும். சார்ஜரை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்து, பேட்டரி ஆறிய பிறகு கழற்றி மாற்றுங்கள். பேட்டரிப் பெட்டி படிக்கட்டுக்கு அடியிலோ கட்டிலுக்கு அடியிலோ இருக்கும் வண்டிகளில் இதை டேங்க் நாற்றம் என்றே பலர் நினைத்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, வெந்நீர்க் குழாயைத் திறந்தால் மட்டும் நாறுவது. குளிர்ந்த நீரில் இல்லை, வெந்நீரில் உண்டு என்றால் பிரச்சினை வாட்டர் ஹீட்டரில். தண்ணீரிலுள்ள சல்பேட்டைத் தின்னும் பாக்டீரியாவும் ஹீட்டர் தொட்டி துருப்பிடிக்காமல் காக்க உள்ளே போட்டிருக்கும் மெக்னீசியம் ஆனோடு கம்பியும் சேர்ந்து செய்யும் வேலை அது. சபர்பன் ஹீட்டரில் அந்தக் கம்பி உண்டு. அட்வுட் ஹீட்டரின் தொட்டி அலுமினியம், அதில் கம்பி கிடையாது. ஹீட்டரை அணைத்து, முழுக்க ஆறவிட்டு, அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே திறந்து கழுவுங்கள். அப்புறம் நல்ல தண்ணீர்த் தொட்டியில் 15 கேலனுக்குக் கால் கப் வீதம் வாசனை சேர்க்காத பிளீச் கலந்து, எல்லாக் குழாய்களிலும் ஹீட்டரிலும் ஓடவிட்டு, ஒரு ராத்திரி வைத்திருந்து அலசிவிட்டால் போய்விடும்.

மூக்கைத் தயார் செய்வது

உள்ளேயே இருந்தால் பத்து நிமிடத்தில் மூக்கு பழகிவிடும். முட்டை நாற்றம் தரும் வாயுவான ஹைட்ரஜன் சல்பைடின் அளவு கூடினால் மூக்கு மரத்தே போய்விடும், வாடை நின்றுவிட்டது என்று தோன்றும். அதனால் கால் மணி நேரம் வெளியே நின்றுவிட்டு உள்ளே வந்து, முதல் மூச்சில் எங்கே வருகிறது என்று பாருங்கள். வண்டியில் வசிக்காத ஒருவரைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்வது இன்னும் நல்லது.

நான் கண்டுகொண்டதிலேயே பயனுள்ள சோதனை கூரை ஃபேன். அடுப்பு, ஹீட்டர் எல்லாம் அணைந்திருக்கட்டும். ஜன்னல், கதவு அனைத்தையும் மூடிவிட்டு ஃபேனை வெளியே இழுக்கும் திசையில் முழு வேகத்தில் போடுங்கள். நல்ல ஃபேன் நிமிடத்துக்கு 900 கன அடி வரை காற்றை இழுக்கும். ஜன்னல் மூடியிருப்பதால் அந்தக் காற்று கிடைத்த சந்துகளின் வழியாகத்தான் உள்ளே வந்தாக வேண்டும். எந்தச் சந்தில் டேங்க்கின் மூச்சு கலந்திருக்கிறதோ அது இரண்டு நிமிடத்தில் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். சிங்க் அடி, கம்மோடின் அடிப்பாகம், ஷவர் வடிகால், அலமாரிகளின் உள்மூலை என்று ஒவ்வொன்றாக மோந்து பாருங்கள்.

காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க நம் வீட்டில் ஊதுபத்திதான் கைக்கு வரும். இங்கே அது வேண்டாம். டேங்க் வாயுவில் மீத்தேன் உண்டு, அது தீப்பிடிக்கும். டிஷ்யூ பேப்பரில் மெல்லிய கீற்று ஒன்றைக் கிழித்துப் பிடித்தால் போதும்.

அறிகுறி 1: ஃப்ளஷ் செய்யும்போது மட்டும் முகத்தில் அடிக்கிறது

முதலில் குளியலறை ஃபேனை நிறுத்திவிட்டு ஒருமுறை ஃப்ளஷ் செய்து பாருங்கள். நாற்றம் பெரும்பாலும் குறைந்துவிட்டால் வண்டியில் பழுது இல்லை, பழக்கத்தைத்தான் மாற்ற வேண்டும். ஃபேன் ஓடும்போது கம்மோடின் அடி மூடியை (ஃப்ளஷ் மிதியை அழுத்தினால் திறப்பது) திறந்தால், காற்றை இழுக்க டேங்க்கைவிடச் சுலபமான இடம் அதற்குக் கிடைக்காது. ஃப்ளஷ் செய்து, மூடி அடைத்துத் தண்ணீர் நின்ற பிறகு ஃபேனைப் போடச் சொல்லி வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். வரும் விருந்தினருக்கும்தான்.

ஃபேன் நின்றிருந்தும் அடித்தால் வென்ட் குழாய் அடைத்திருக்கிறது. ஃப்ளஷ் செய்யும்போது குபுக்கென்று கீழிருந்து காற்று மேலே வந்தால் சந்தேகமே வேண்டாம். மலை ஏறும்போது இது அப்பட்டமாகத் தெரியும். கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையில் டென்வரிலிருந்து ஐசன்ஹோவர் சுரங்கத்துக்கு ஏறினோம். 5,280 அடியில் கிளம்பி 11,000 அடிக்கு மேல் போய்விடும் பாதை அது. வெளியே காற்றழுத்தம் குறையக் குறைய, வெளியேற வழியில்லாத டேங்க்குக்குள் அழுத்தம் அப்படியே நின்றது. மேலே நிறுத்தி ஃப்ளஷ் மிதியை அழுத்திய கணத்தில் கிண்ணத்துத் தண்ணீரே மேலே தெறித்தது. வென்ட் திறந்திருந்தால் இது நடக்கவே நடக்காது.

கூரையில் ஏறி வென்ட் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். குளவிக் கூடு, பறவைக் கூடு, சருகு, இவைதான் வழக்கமான காரணங்கள். நீளக் கம்பியால் எடுத்துவிட்டு, தோட்டத்து ஹோஸால் தண்ணீர் விட்டால் தடையில்லாமல் இறங்க வேண்டும். அந்தத் தண்ணீர் டேங்க்கில்தான் சேரும், ஆகவே டேங்க் காலியாக இருக்கும்போது செய்யுங்கள்.

குழாய் திறந்திருக்கிறது, ஆனால் டேங்க் முக்கால் நிரம்பிய பிறகு மட்டும் இந்தக் கோளாறு வருகிறது என்றால், வென்ட் குழாய் நழுவி டேங்க்குக்குள் இறங்கியிருக்கும். கழிவு அதன் அடி நுனியைத் தொட்டதும் வழி மூடிவிடும். கூரையிலிருந்து குழாயை ஓரிரு அங்குலம் மேலே இழுத்து, நழுவாதபடி நிறுத்தினால் சரியாகிவிடும்.

அறிகுறி 2: குளியலறையில் எந்நேரமும் லேசாக இருக்கிறது

கம்மோடில் பாதியளவு தண்ணீர் விட்டு, அதன் மட்டத்தில் ஒரு டேப்பை ஒட்டிவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் தண்ணீர் இறங்கியிருந்தால் ரப்பர் சீல் கசிகிறது. கிண்ணத்தில் தண்ணீர் இல்லையென்றால் அங்கே காவலும் இல்லை.

உடனே புதுக் கம்மோட் வாங்கிவிடாதீர்கள். பாதிச் சமயம் சீலின் ஓரத்தில் காகிதத் துணுக்கோ, தண்ணீரின் உப்புப் படிவோதான் உட்கார்ந்திருக்கும். கையுறை போட்டுக்கொண்டு, மூடியைத் திறந்த நிலையில் பிடித்து, பழைய டூத் பிரஷால் சீலின் மேலும் கீழும் தேய்த்துக் கழுவுங்கள். உப்புக்கு வெள்ளை வினிகர் போதும். காய்ந்ததும் பிளம்பர்கள் பயன்படுத்தும் சிலிக்கோன் கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள். வாசலின் வேண்டாம், பெட்ரோலியம் ரப்பரை உப்ப வைத்துவிடும். அப்படியும் இறங்கினால் சீலை மாற்றுங்கள். தெட்ஃபோர்டு, டோமெடிக் இரண்டுக்கும் சீல் தனியாகக் கிடைக்கும். கம்மோடின் மாடல் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும்.

தண்ணீர் நிற்கிறது, ஆனாலும் வாடை கம்மோடின் அடியில் தரையோரமாக வருகிறதா? கம்மோடைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆடினால் தரையோடு சேரும் இடத்திலுள்ள சீல் போய்விட்டது. இரண்டு நட்டுகள்தான், பக்கத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்கிப் பாருங்கள். ஒரேயடியாக இறுக்கினால் அடிப்பாகம் விரிசல் விடும். கம்மோடைத் தூக்க வேண்டி வந்தால் புது ரப்பர் சீல் போட்டுத்தான் திருப்பி வையுங்கள். வீடுகளில் போடும் மெழுகு வளையம் ஓடும் வண்டியின் அதிர்வுக்குத் தாங்காது. தரைப் பலகை ஊறி மெத்தென்று இருந்தால், கம்மோடின் பின்புறம் தண்ணீர் வரும் வால்வும் கசிகிறதா என்று பாருங்கள். அந்த ஊறல் நாற்றத்துக்கு டேங்க்கோடு சம்பந்தமே இருக்காது.

அறிகுறி 3: சமையலறை சிங்க் பக்கம் வருகிறது

புது ஆட்கள் சிங்க்கை மோந்துவிட்டு வடிகாலில் எதையோ ஊற்றுவார்கள். அதற்கு முன் சிங்க்குக்குக் கீழே இருக்கும் கதவைத் திறந்து தலையை உள்ளே விடுங்கள். குழாயின் மேல் நுனியில், குட்டி பிளாஸ்டிக் குல்லாய் போட்ட மாதிரி ஒன்று செங்குத்தாக நிற்கும். அதுதான் ஒருவழிக் காற்று வால்வு. தண்ணீர் இறங்கும்போது குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி பி-ட்ராப்பிலுள்ள தண்ணீரை உறிஞ்சிவிடாமல் இருக்க, அது வண்டிக்குள்ளிருந்து கொஞ்சம் காற்றை உள்ளே விடும். மற்ற நேரம் மூடியிருக்க வேண்டும். வருடக்கணக்கில் அதிர்ந்து, எண்ணெய்ப் பிசுக்குப் படிந்து, உள்ளிருக்கும் ரப்பர் திறந்தபடியே நின்றுவிட்டால் கிரே டேங்க்கின் நாற்றம் முழுவதும் உங்கள் பாத்திர அலமாரிக்குள் வரும்.

சோதனைக்குக் காசு செலவில்லை. மருத்துவமனையில் போடுவது போன்ற ரப்பர் கையுறை ஒன்றை அந்தக் குல்லாய்மேல் போட்டு, அடியில் ரப்பர் பேண்ட் சுற்றுங்கள். ஒரு நாள் விடுங்கள். நாற்றம் நின்றால் ஆள் கிடைத்துவிட்டார். கையால் திருகிக் கழற்றி, அதே அளவில் புதியது போடுங்கள். அதிகச் செலவில்லாத வேலை. உள்ளே ஸ்பிரிங் வைத்த மலிவான வகையைவிட, தன் எடையால் மூடிக்கொள்ளும் ஸ்டூடர் போன்றவை அதிக நாள் உழைக்கின்றன. சோதனை முடிந்ததும் கையுறையை எடுத்துவிடுங்கள். அப்படியே விட்டால் சிங்க் தண்ணீர் இறங்கத் திணறும், ட்ராப்பும் வறண்டுவிடும்.

எங்கள் வண்டியில் முதலில் பிடிபட்டது இந்த வால்வுதான். முக்கால்வாசி நாற்றம் அன்றைக்கே போய்விட்டது. நாற்றம் புகார் என்று யார் கேட்டாலும் நான் முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

வால்வு நன்றாக இருந்தும் வாடை வந்தால், பிரச்சினை நாம் சிங்க்கில் ஊற்றுவது. பிளாக் டேங்க்கைத்தான் எல்லோரும் சந்தேகப்படுவார்கள். வெயில் காலத்தில் கிரே டேங்க் அதைவிட மோசமாக நாறும். நம் சமையலுக்கு இன்னும் கூடுதல். அரிசி கழுவிய தண்ணீர், கஞ்சி, தோசை மாவுப் பாத்திரம் அலசியது, எல்லாம் ஏற்கெனவே புளிக்கத் தயாராக இருப்பவை. தாளிப்பு எண்ணெய் அதன்மேல் படலமாகப் படிந்து குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கரண்டி, வாணலி எல்லாவற்றையும் காகிதத்தால் துடைத்துவிட்டுத்தான் கழுவுவது என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். அரிசி கழுவிய முதல் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து அவ்வப்போது டாய்லெட்டில் ஊற்றிவிடுவோம். பிளாக் டேங்க்குக்கு எப்படியும் தண்ணீர் வேண்டும். ஏற்கெனவே பிசுக்குப் பிடித்த டேங்க் என்றால், பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் கலந்து கால்வாசி நிரப்பி, ஒரு பயணம் முழுக்கக் குலுங்கவிட்டுத் திறந்துவிடுங்கள்.

அறிகுறி 4: பல நாள் நிறுத்தி வைத்த வண்டியைத் திறந்ததும் அடிக்கிறது

பி-ட்ராப் வறண்டிருக்கும். சிங்க், ஷவர், குளியலறைப் பேசின் எல்லாவற்றிலும் இரண்டு கப் தண்ணீர் ஊற்றுங்கள், கம்மோடிலும் ஊற்றுங்கள், ஜன்னலைத் திறந்துவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்தது. மாதக்கணக்கில் நிறுத்துவதானால் தண்ணீருக்குப் பதில் ஆர்வி-க்கென்று விற்கும் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் ஊற்றி வையுங்கள்; சீக்கிரம் வற்றாது, குளிரில் உறையவும் உறையாது. காரில் ஊற்றும் பச்சை நிறத்தது விஷம், அது வேண்டவே வேண்டாம்.

ஒரு இடத்தை மட்டும் எல்லோரும் மறந்துவிடுவார்கள். பெரிய வண்டிகளில் வாஷிங் மெஷின் வைத்துக்கொள்ளலாம் என்று அலமாரிக்குள் தயாராக ஒரு வடிகால் குழாய் விட்டிருப்பார்கள். மெஷின் வாங்காதவர் வீட்டில் அந்த ட்ராப்புக்குத் தண்ணீரே போகாது. மூடி இருந்தால் இறுக்குங்கள், இல்லையென்றால் அங்கேயும் இரண்டு கப்.

ஷவருக்கு அடியில் இடம் இல்லாத வண்டிகளில் பி-ட்ராப்புக்குப் பதில் ஹெப்வோ வால்வு இருக்கும். அதில் தண்ணீர் நிற்காது, சிலிக்கோன் சவ்வு ஒன்று தானாக மூடிக்கொள்ளும். முடி சிக்கினால் மூடாது. வெந்நீரும் சோப்பும் விட்டு அலசுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் சவ்வு கிழியும்.

அறிகுறி 5: ஓட்டும்போது மட்டும்

பின் ஜன்னலோ கூரை வென்ட்டோ திறந்தபடி ஓட்டினால் வண்டிக்குள் அழுத்தம் குறைந்து, டேங்க் காற்று உள்ளே இழுக்கப்படும். எல்லாவற்றையும் மூடிவிட்டு ஓட்டிப் பாருங்கள். மோட்டார்ஹோமில் ஓட்டுநர் பக்கத்து ஜன்னலை மட்டும் திறந்தாலே இது நடக்கும். மூடிய பிறகும் வந்தால், குலுக்கலில் ட்ராப் தண்ணீர் தெறித்துக் காலியாகிறது. பயணத்தின்போது வடிகால்களுக்கு ரப்பர் மூடி போட்டு வையுங்கள்.

அறிகுறி 6: கேம்ப்கிரவுண்டில் சாக்கடை ஹோஸ் மாட்டிய பிறகுதான்

கிரே டேங்க்கைக் காலி செய்யும் வால்வைத் திறந்தே வைத்திருக்கிறீர்கள். அந்த ஹோஸ் வழியாக முகாம் முழுவதன் சாக்கடைக் காற்றும் உங்கள் டேங்க்குக்குள் ஏறி வருகிறது. மூடி வையுங்கள், நிரம்பும்போது திறங்கள். திறந்தே வைக்க வேண்டுமென்றால் ஹோஸில் ஓரிடத்தில் யு வடிவத்தில் பள்ளம் விட்டு, அதில் தண்ணீர் தேங்கும்படி போடுங்கள்.

பிளாக் வால்வைத் திறந்து வைப்பது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. தண்ணீர் ஓடிவிடும், திடக்கழிவும் காகிதமும் கம்மோடுக்கு நேர் கீழே குவியும். அனுபவசாலிகள் பிரமிடு என்பது அதைத்தான். இறுகிவிட்டால் கரைக்க வாரக்கணக்கில் ஆகும்.

அறிகுறி 7: எங்கிருந்து என்றே பிடிபடவில்லை

சீல், ட்ராப், வால்வு எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஆனாலும் வெயில் ஏறும் மதிய நேரத்தில், கூரை ஃபேன் ஓடும்போது, ஏதோ ஒரு மூலையில் வாடை. எங்களுக்கு மிச்சமிருந்த கால்வாசி நாற்றம் இப்படித்தான் இருந்தது. என் மூக்கு எப்போதோ பழகிவிட்டது. தஞ்சாவூரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருந்த அம்மா ட்ரெய்லருக்குள் ஏறிய இரண்டாவது நிமிடம், "துணி அலமாரிக்குள்ள இருந்துதான்டா வருது" என்றார். குளியலறைச் சுவருக்கு முதுகு கொடுத்து நிற்கும் அலமாரி அது. துணிகளை வெளியே எடுத்து, பின்பலகையின் நான்கு திருகைக் கழற்றினேன். கறுப்பு ஏபிஎஸ் பிளாஸ்டிக் வென்ட் குழாய் இரண்டு துண்டாக, இணைப்பில் பசையின் சுவடே இல்லாமல், அரை அங்குலம் விலகி நின்றது. டேங்க்கின் மூச்சு நேராக எங்கள் துணிமேல் விழுந்துகொண்டிருந்தது.

துடைத்து, ஏபிஎஸ் பசை தடவி, சொருகி, குழாயைச் சுவர்ச் சட்டத்தோடு பட்டை போட்டுக் கட்டினேன். இருபது நிமிட வேலை. பசையின் ஆவி கடுமையானது, கதவு ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

இணைப்பு சரியாக இருந்தால் கூரைக்குப் போங்கள். வென்ட் மூடிக்கு அடியில் கூரையில் போட்ட ஓட்டை குழாயைவிடப் பெரிதாக இருக்கும். குழாய் கூரைமட்டத்துக்குக் கீழேயே நின்றிருக்கும். மூடிக்கு அடியில் சேரும் வாயு அந்தச் சந்து வழியாகத் திரும்பக் கூரைக்கும் உள்கூரைக்கும் நடுவே இறங்கிவிடும். பழைய சீலன்ட்டைச் சுரண்டி மூடியை எடுத்து, ஒட்டுக் குழாய் ஒன்றைச் சேர்த்துக் கூரைக்கு மேல் இரண்டு அங்குலம் உயர்த்துங்கள். சுற்றியுள்ள சந்தை விரியும் ஃபோமால் அடைத்து, மூடியைப் போட்டு, டைகோர் போன்ற கூரை சீலன்ட்டால் ஓரத்தை மூடுங்கள். ரப்பர் கூரையில் சாதாரண சிலிக்கோன் பிடிக்காது. சில மாதத்தில் உரிந்து, நாற்றத்தை அடைக்கப் போன இடத்தில் மழைநீர் ஒழுகும். காற்றை இழுக்கும் சைஃபன் மூடி என்று விற்பது நல்ல பொருள்தான், ஆனால் குழாய் முழுசாக இருக்கும் வண்டியில்தான் அது வேலை செய்யும்.

இதுவும் இல்லையென்றால் வண்டியின் வயிற்றைப் பாருங்கள். அடியில் மூடியிருக்கும் பிளாஸ்டிக் தகட்டுக்குள் எப்போதாவது டேங்க் வழிந்து ஊறியிருந்தால், அங்கிருக்கும் பஞ்சு நாற்றத்தை வருடக்கணக்கில் வைத்திருக்கும். தகடு ஓரிடத்தில் தொங்கினால் அங்கே தண்ணீர் நிற்கிறது. டேங்க் விரிசலையும் அப்போதே பார்த்துவிடலாம்.

அறிகுறி 8: வழியெல்லாம் அடைத்தாகிவிட்டது, டேங்க்தான் அளவுக்கு மீறி நாறுகிறது

இந்த இடத்துக்கு வந்த பிறகுதான் மருந்தைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கும் முன்னால் தண்ணீர். அரிசோனா குவார்ட்ஸைட் பக்கம் பாலைவனத்தில் இணைப்பு எதுவும் இல்லாமல் தங்கும்போது ஃப்ளஷ் தண்ணீரை மிச்சம் பிடிக்கத் தோன்றும். எதை வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள், பிளாக் டேங்க்குக்கு மட்டும் தாராளமாக விடுங்கள். கழிவு எப்போதும் மூழ்கியே இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை காலி செய்த பிறகும் குறைந்தது 3 கேலன் ஊற்றிவிட்டுத்தான் பயன்படுத்தத் தொடங்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிய பிறகு காலி செய்தால்தான் வேகத்தோடு எல்லாம் அடித்துக்கொண்டு போகும்.

மருந்து வாங்கினால் என்சைம் அல்லது பாக்டீரியா வகை வாங்குங்கள். ஃபார்மால்டிஹைடு கலந்த பழைய வகை டேங்க்கிலுள்ள கிருமியை மட்டும் கொல்வதில்லை, அது போய்ச் சேரும் முகாமின் செப்டிக் தொட்டியையும் கெடுக்கும். பல கேம்ப்கிரவுண்டுகள் அதை அனுமதிப்பதில்லை. பிளாக் டேங்க்கில் பிளீச் ஊற்றாதீர்கள். சிறுநீரிலுள்ள அமோனியாவோடு சேர்ந்து குளோரமைன் என்ற நச்சுவாயு வரும்.

பிரமிடு கட்டிய பழைய டேங்க்குக்கு ஊறல்தான் வைத்தியம். காலி செய்து, வால்வை மூடி, கூடவே இருந்து பார்த்துக்கொண்டு கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர் நிரப்புங்கள். ஹோஸை மாட்டிவிட்டு வேறு வேலைக்குப் போனவர்களின் கம்மோட் வழியாக வழிந்திருக்கிறது. என்சைம் சேர்த்து இரண்டு மூன்று நாள் வெதுவெதுப்பான வெயிலில் நிறுத்தி வையுங்கள். அப்புறம் டம்ப் ஸ்டேஷன் (டேங்க் கழிவைக் கொட்டும் இடம்) வரை மெதுவாக ஓட்டிப் போங்கள், குலுங்கக் குலுங்கக் கரையும். ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 40 கேலன் என்றால் 330 பவுண்டுக்கு மேல், வண்டியின் எடை வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹோஸின் நுனியில் கண்ணாடி போல உள்ளே தெரியும் வளைந்த இணைப்புக் குழாய் ஒன்றை மாட்டிவிட்டுத் திறங்கள். அதில் கலங்கல் நின்று தெளிந்த தண்ணீர் ஓடும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். எங்களுக்கு மூன்றாவது தடவையில் தெளிந்தது.